நண்பர்களைக் கேட்ட பிரசங்கம்

1910 ஜூன் 20 மாலை, எடின்பரோ நகரத்தில் ஒரு தமிழர் மேடையேறினார். வயது முப்பத்தைந்து. சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமையில் தேரிக்காட்டுப் பக்கம் இருக்கும் வெள்ளாளன்விளை. பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்து வந்த மிஷன் சங்கத் தலைவர்கள், பேராயர்கள், பேராசிரியர்கள்.

உலக மிஷனரி மாநாடு என்று அதற்குப் பெயர். பத்து நாள் நடந்தது. சுமார் 1,200 பிரதிநிதிகள். ஆசியாவிலிருந்து போனவர்கள் இருபது பேர்கூட இல்லை. தலைமை வகித்தவர் ஜான் மாட் என்ற அமெரிக்கர். இந்தத் தலைமுறைக்குள்ளேயே உலகம் முழுக்கச் சுவிசேஷத்தைக் கொண்டுபோய்விடலாம் என்று நம்பிய காலம் அது. கப்பல் இருக்கிறது, தந்தி இருக்கிறது, காலனிகள் இருக்கின்றன, பணமும் இருக்கிறது. இன்னும் நான்கு வருடத்தில் உலகப்போர் வரப்போகிறது என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

வெளிநாட்டு மிஷனரிகளும் உள்ளூர் ஊழியர்களும் சேர்ந்து வேலை செய்வது பற்றி அசரியா பேச வேண்டும். இந்த மாதிரித் தலைப்பில் இந்த மாதிரி ஆளிடம் என்ன எதிர்பார்ப்பார்கள்? நாலு நல்ல வார்த்தை, மனமுருகும் ஒரு சாட்சி, கடைசியில் நன்றி. நன்றியை அவரும் சொன்னார். ஆனால் அதற்கு முன்னால் வேறு சில விஷயங்களைச் சொல்லிவிட்டார்.

இந்தியாவில் மிஷனரிக்கும் இந்திய ஊழியருக்கும் நடுவே இருக்கும் உறவு சரியில்லை என்றார். சம்பளம் கொடுப்பவருக்கும் சம்பளம் வாங்குபவருக்கும் உள்ள உறவாகவே அது நின்றுவிட்டது, இப்படியே போனால் இந்தியச் சபைக்குச் சுயமரியாதை வளராது என்றார். வருடக்கணக்கில் சேர்ந்து வேலை செய்தும் ஒருவர் வீட்டில் ஒருவர் கைநனைத்ததில்லை என்ற நிலையை எடுத்துச் சொன்னார். கைகுலுக்கல், நாற்காலி, விருந்து, தேநீர் என்று பட்டியலே போட்டார். இவை தன்னளவில் பெரிய விஷயமில்லை, ஆனால் நட்பின் அடையாளமாக வருமென்றால் இவை எல்லாமே வேண்டும், இன்னும் அதிகமும் வேண்டும் என்பது அவர் வாதம்.

முடிவில்தான் அந்த அடி. மிஷனரிகளின் தியாகத்தை இந்தியச் சபை என்றைக்கும் மறக்காது என்று நன்றி சொல்லிவிட்டு, ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டு உட்கார்ந்தார். அரங்கில் இருந்த சங்கடமான மௌனத்தைப் பற்றி அப்போது கூட இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சிலருக்குக் கடுங்கோபம். இன்றைக்கு அந்த மாநாட்டைப் பற்றி யார் எழுதினாலும் இந்தச் சில நிமிடங்களைத் தாண்டிப் போக முடிவதில்லை. மற்றவர்கள் பத்து நாள் பேசியவை தடித்தடியான தொகுதிகளில் அச்சாகி உறங்குகின்றன.

பைபிள் பழக்கமில்லாதவர்களுக்கு அந்தக் கடைசி வரிகள் வெறும் அலங்காரமாகப் படலாம். அந்த அரங்கில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பவுல் கொரிந்து பட்டணத்துச் சபைக்கு எழுதிய முதல் கடிதம், பதின்மூன்றாம் அதிகாரம். உள்ளதையெல்லாம் தானம் செய்தாலும், உடலையே எரிக்கக் கொடுத்தாலும், அன்பு இல்லையென்றால் பயனில்லை என்று போகிற பகுதி. விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்ற மூன்று சொற்களோடு முடியும். கல்யாணங்களில் வாசிப்பார்கள். வாழ்த்து அட்டைகளில் ரோஜாப்பூவோடு அச்சடிப்பார்கள்.

அந்த அதிகாரத்தை மட்டும் பிய்த்து எடுத்து வாசித்தால் ரோஜாப்பூ சரிதான். ஆனால் கடிதத்தை முதலிலிருந்து வாசித்துப் பாருங்கள். கொரிந்து சபை சண்டைக்காடாக இருந்திருக்கிறது. நான் இந்தத் தலைவரின் ஆள், நீ அந்தத் தலைவரின் ஆள் என்று கோஷ்டி. ஒருவர்மேல் ஒருவர் வழக்கு. எல்லாவற்றுக்கும் மேலாகப் பதினோராம் அதிகாரத்தில் வரும் சாப்பாட்டுப் பிரச்சினை. சபையாகக் கூடிச் சாப்பிட வேண்டிய இடத்தில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்றுகுடித்து வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். பவுல் இதைப் பார்த்துக் கொதிக்கிறார். அந்தக் கொதிப்பு அடங்குவதற்குள் வருவதுதான் அன்பைப் பற்றிய பதின்மூன்றாம் அதிகாரம். அதாவது, பந்தியில் பேதம் காட்டிய கூட்டத்துக்கு எழுதியது அது. அசரியா நாற்காலியையும் விருந்தையும் தேநீரையும் பேசிவிட்டு அந்த வரிகளுக்குப் போனது ஏதோ மேற்கோளுக்காகப் போனதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த அதிகாரத்தை அது பிறந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்து வாசித்திருக்கிறார். மிஷனரிகளுக்கு அவர்களுடைய வேதத்தையே திருப்பிப் படித்துக் காட்டினார் என்றும் சொல்லலாம்.

சொற்களைப் பற்றி ஒரு சின்ன விலகல். தமிழ்ப் புராட்டஸ்டன்ட் பைபிளில் அந்த மூன்றும் விசுவாசம், நம்பிக்கை, அன்பு. 1995இல் வெளிவந்த 'திருவிவிலியம்' மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. ஒரு தரப்பில் இரண்டாவது இடத்தில் இருந்த நம்பிக்கை இன்னொரு தரப்பில் முதலிடத்துக்கு நகர்ந்துவிட்டது. ஒரு வேரியபிளின் பெயரை மாற்றினால் எங்கெங்கே உடையும் என்று தினமும் பார்க்கிறவன் என்பதால் எனக்கு இது சுவாரசியம். ஒரே பிரசங்கத்தை இரண்டு சபைக்காரர்கள் கேட்டால் 'நம்பிக்கை' என்ற இடத்தில் இருவர் மனதிலும் வேறு வேறு விஷயம் ஓடும். அன்பு மட்டும் இரண்டிலும் இடம் மாறவில்லை. அசரியாவின் மனைவி பெயர் அன்பு மாரியம்மாள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், வேறெங்கும் பொருத்தமாக நுழைக்க முடியாது.

யார் இந்த அசரியா?

1874இல் பிறந்தார். அப்பா தாமஸ் வேதநாயகம், இந்து நாடார் வணிகர் குடும்பத்திலிருந்து மதம் மாறிக் குருவானவர். அசரியா சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். படிப்பு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில், கணிதம். பட்டம் வாங்காமலேயே வெளியே வந்தார். 1895இலிருந்து ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளர் வேலை, ஊர் ஊராகப் பிரசங்கம். அங்கே ஷெர்வுட் எட்டி என்ற அமெரிக்க இளைஞர் கூட்டாளியானார். இருவரும் சேர்ந்து பயணம் செய்தார்கள், சேர்ந்து கூட்டம் நடத்தினார்கள், கடைசிவரை நண்பர்களாக இருந்தார்கள். எடின்பரோ பேச்சைப் படிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது. வெள்ளைக்கார நண்பரே கிடைக்காத ஒருவரின் புலம்பல் இல்லை அது. நட்பு எப்படி இருக்கும் என்று ருசித்துப் பார்த்தவர், அது ஏன் விதிவிலக்காகவே இருக்கிறது என்று கேட்டார்.

அவர் வளர்ந்த காலத்தில் தெற்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1897இல் நாடார்கள் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. நடுவே 1899இல் சிவகாசிக் கொள்ளை. கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சமூகத்தில் ஒரு பகுதி முந்தைய நூறு ஆண்டுகளில் கிறிஸ்தவத்துக்கு வந்திருந்தது. மெஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம் என்று அவர்கள் குடியிருந்த ஊர்களின் பெயர்களே அதைச் சொல்லும். அங்கே பள்ளிக்கூடம் வந்தது, கோபுரம் வைத்த தேவாலயம் வந்தது, எழுத்தும் வேலையும் வந்தன. கூடவே பங்களாவும் வந்தது. பங்களாவின் வராந்தா வரை வரலாம். அதற்கு மேலே?

1902இல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் திரட்டி, கடல் கடந்து தொண்டிப் பக்கம் ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சின்னத் தீவில் ஒரு சின்னக் கூட்டம் இதைச் செய்கிறது. பல்லாயிரம் பேர் இருக்கும் திருநெல்வேலிச் சபை இன்னும் வாங்கிக்கொண்டே இருக்கிறது. இது அவரை உலுக்கிவிட்டது. மறுவருடம் 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆட்கள் இந்தியர்கள், பணம் இந்தியப் பணம், நிர்வாகம் இந்தியரிடம் என்பது கொள்கை. வேலை செய்யத் தேர்ந்தெடுத்த இடம் நிஜாம் சமஸ்தானத்தில் தோர்ணக்கல் என்ற ரயில் சந்திப்பைச் சுற்றிய தெலுங்குக் கிராமங்கள்.

1909இல் அசரியா குருப்பட்டம் பெற்று, ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டுவிட்டு, அன்பு மாரியம்மாளோடும் குழந்தைகளோடும் தோர்ணக்கல்லுக்குக் குடிபோனார். ஆரம்பத்தில் கூடாரத்தில் இருந்தார்கள். தெலுங்கைப் புதிதாகக் கற்றார். எடின்பரோ மேடையில் நின்றபோது அவரே ஒரு மிஷனரிதான். அந்நிய மொழிக்காரர், மெத்தப் படித்தவர், வெளியூர்ப் பணத்தில் வந்து இறங்கியவர். அங்கே அவரைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் மாலாக்கள், மாதிகாக்கள். ஊருக்கு வெளியே இருக்க வைக்கப்பட்டவர்கள். அந்த இரு சாதிகளுக்குள்ளேயே கொடுக்கல் வாங்கல் கிடையாது, ஒரே பந்தி கிடையாது.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது இந்த இடம். மேலே இருப்பவரைப் பார்த்து 'எனக்கு ஏன் நாற்காலி இல்லை' என்று கேட்பது நியாயம், அதற்குத் துணிச்சலும் வேண்டும். ஆனால் அதே கேள்வியை ஒரு மாதிகா தன்னிடம் கேட்டால்? தமிழ்நாட்டு உபதேசியாரிடம் கேட்டால்? எடின்பரோவில் அவர் பேசியதற்கு அடுத்த முப்பத்தைந்து வருடம் தோர்ணக்கல்லில் அவர் வாழ்ந்ததுதான் பரீட்சை.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அவருக்குப் பேராயர் அபிஷேகம் நடந்தது. ஆங்கிலிகன் சபையின் முதல் இந்தியப் பேராயர். இதற்காக மல்லுக்கு நின்றவர் சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட். தத்துவவாதியும் கணிதவியலாளருமான ஏ. என். ஒயிட்ஹெட்டின் அண்ணன். எதிர்ப்பு பலமாகவே இருந்தது. ஓர் இந்தியரின் கீழ் வெள்ளைக்காரர்கள் எப்படி வேலை செய்வது என்று மிஷனரிகளில் பலர் கேட்டார்கள். எதிர்த்த இந்தியக் கிறிஸ்தவர்களும் உண்டு, அதில் சாதிக்கும் பங்கு உண்டு. வெள்ளைக்காரனுக்குக் கீழே இருப்பேன், நாடாருக்குக் கீழே இருக்க மாட்டேன் என்கிற மனம் நமக்கு அறிமுகமில்லாதது ஒன்றும் இல்லையே.

தோர்ணக்கல் திருமண்டலம் முதலில் சின்னது. பிறகு கிருஷ்ணா, கோதாவரிப் பக்கமெல்லாம் விரிந்து, அவர் காலத்திலேயே கிறிஸ்தவர்களின் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகப் போனார். அவர் பிரசங்கங்களில் நான்கு பேய்கள் அடிக்கடி வரும்: அழுக்கு, நோய், கடன், குடி. பரலோகத்துப் பேய்கள் இல்லை, தெருவில் பார்க்கிற பேய்கள். கூட்டுறவுச் சங்கம், பள்ளிக்கூடம், மருந்தகம், அச்சகம் எல்லாம் சபை வேலைக்குள்ளேயே வந்தன. 1930களில் அங்கே 2,000க்கும் மேல் கிராம ஆசிரியர்கள் இருந்தார்கள். மாலாக்களிலிருந்தும் மாதிகாக்களிலிருந்தும் குருமார்களை உருவாக்கினார். ஒரே திருவிருந்து, ஒரே பாத்திரம் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. மாதிகா கையால் மாலா அப்பம் வாங்க வேண்டும், மாலா கையால் மாதிகா வாங்க வேண்டும்.

ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் தங்கள் தலைமேல் தாங்களே கைவைத்து, நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்ல வேண்டும் என்பது அவர் ஏற்படுத்திய வழக்கம். அந்த 'ஐயோ'வும் கொரிந்தியருக்கு எழுதிய அதே கடிதத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் பவுல் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதுதான். நேற்றுவரை ஊர்ப் பொதுக்கிணற்றுப் பக்கம் போக முடியாத ஒருவர், எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், இன்று தன் தலையில் தானே கை வைத்து 'சொல்ல வேண்டியவன் நான்' என்கிறார். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவரைப் பேசுகிறவராக மாற்றும் காரியம் இது. கூடவே காணிக்கைப் பழக்கம். சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துப் பானையில் போட்டுச் சபைக்குக் கொடுப்பது. பஞ்சைப் பராரிகளிடம் போய்க் காணிக்கை கேட்கலாமா என்று நமக்குச் சுருக்கென்று இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் எடின்பரோ பேச்சைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தர்க்கம் விளங்குகிறது. வாங்கிக்கொண்டே இருப்பவரோடு யாரும் நட்பாக இருக்க முடியாது. தருவதற்கு அவரிடமும் ஒன்று இருக்க வேண்டும், அதை மற்றவர் வாங்கிக்கொள்ளவும் வேண்டும்.

1936 கடைசியில் ஜான் மாட் இந்தியா வந்து காந்தியைச் சந்தித்தார். ஆமாம், எடின்பரோ மாநாட்டுத் தலைவர் மாட்தான். அந்த உரையாடல் 'ஹரிஜன்' இதழில் வந்தது. ஹரிஜனங்களிடம் போய்ச் சுவிசேஷம் சொல்வதைக் காந்தி கடுமையாக எதிர்த்தார். ஒரு பசுவுக்குப் போதிப்பீர்களா என்று கேட்டார், அவர்களில் சிலர் புரிந்துகொள்ளும் விஷயத்தில் பசுவைவிடவும் கீழே இருக்கிறார்கள் என்ற பொருளில் பேசினார். காந்தியை மதிக்கிறவன் நான். அந்தப் பக்கத்தை இன்றும் கூச்சமில்லாமல் வாசிக்க முடிவதில்லை. தலையில் கை வைத்துத் தானே பேசுகிற மாதிகாவும் மாலாவும்தான் அசரியாவின் மொத்த வேலையும். காந்தி மறுத்தது அந்த ஒன்றைத்தான். மதமாற்றம் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்கு அடியில் இருந்தது இவர்களுக்குச் சொந்தப் புத்தி உண்டா இல்லையா என்ற கேள்வி. பேராயர் இதில் பின்வாங்கவில்லை. அதே அசரியா கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்றும் எதிர்த்தார். வேலி போட்டுக்கொண்டு ஒரு சமூகம் வளராது என்பது அவர் எண்ணம்.

அவரைச் சுத்தத் தங்கமாக்க வேண்டியதில்லை. ஆங்கில ஆராதனை முறையின் மேல் அவருக்கு அபாரமான பிடிப்பு. பிரிட்டிஷ் ஆட்சி மேல் மரியாதை. சுதந்திரப் போராட்டத்தில் அவரைத் தேடினால் ஏமாற்றம்தான். ஒருபக்கம் 1939இல் திறந்த தோர்ணக்கல் பேராலயத்தைக் கோயில் மண்டபமும் மசூதிக் கும்மட்டமும் கலந்து கட்டினார். இன்னொரு பக்கம் கிராமத்து மக்களின் பழைய விழாக்கள், சடங்குகள் பலவற்றை ஒரு வாத்தியாரின் கண்டிப்போடு துடைக்கப் பார்த்தார். அழுக்கு, குடி என்ற பேய்களை விரட்டுகிற குரலில், கீழே இருப்பவர்களைத் திருத்த வந்த மேலான ஆளின் தொனி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பதாகவே எனக்குப் படுகிறது. நண்பரிடம் பேசுகிற தொனி அது இல்லை. முப்பத்தைந்து வருடத்தில் அவர் பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கினார் என்று சொல்ல மாட்டேன். பரீட்சையை எழுதினார். எடின்பரோவில் இருந்த பலர் எழுதவே இல்லை.

நான் சபைக்குப் போகிறவன் இல்லை. ஆனால் திருநெல்வேலிப் பக்கம் கல்லூரிக் காலத்தில் நண்பர்கள் ஊரில் பிரதிஷ்டைப் பண்டிகை அசனம் சாப்பிடாமல் இருந்ததில்லை. பெரிய பெரிய வட்டாக்களில் சோறு, நீளப் பந்தி, யார் என்ன என்று கேட்காத பரிமாறல். அருமையான விஷயம். அதே ஊர்களில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் மட்டும் கேட்பார்கள். கல்லறைத் தோட்டத்திலும் சில இடங்களில் கேட்பார்கள். திருமண்டலத் தேர்தல் வந்தால் யார் எந்த ஆள் என்பது ஞாயிறு பிரசங்கத்தைவிடத் தெளிவாகத் தெரியும். இது கிறிஸ்தவர்களைச் சொல்லிக்காட்ட எழுதியது இல்லை. என்னோடு வேலை பார்க்கிறவர்கள் ஆன்சைட் போய் வந்ததும் சொல்வது ஒன்றுதான்: அங்கே பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் மூன்று வருடத்தில் ஒருத்தன் வீட்டு வாசலைக்கூடப் பார்த்ததில்லை. மனசு வலித்துத்தான் சொல்வார்கள். சொல்கிறவர் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்குத் தனி டம்ளர் இருக்கும்.

அசரியா 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல்லில் இறந்தார். தென்னிந்தியாவின் பிரிந்து கிடந்த சபைகளை ஒன்றாக்கும் வேலையை 1919இல் தரங்கம்பாடியில் ஒரு சிறு கூட்டத்தைக் கூட்டித் தொடங்கி வைத்தவர்களில் அவர் முக்கியமானவர். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பரில் உருவானபோது அவர் இல்லை. பேராயராக இருந்த முப்பத்திரண்டு வருடமும் இந்தியாவில் ஓர் ஆங்கிலிகன் திருமண்டலத்தின் பொறுப்பில் இருந்த ஒரே இந்தியர் அவர்தான். இரண்டாவது ஆளை நியமிக்க அந்தச் சபைக்கு மனம் வரவில்லை. அவருக்குப் பிறகு தோர்ணக்கல் பேராயரானவர் ஏ. பி. எலியட் என்ற வெள்ளைக்கார மிஷனரி. அதற்கு முந்தைய பத்து வருடம் அவர் அசரியாவின் கீழ் துணைப் பேராயராக வேலை செய்தவர்.